ஐந்தாவது ஆள்

டிராம் ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.
தாம்பரே ஐஸ்ஹாக்கி அரங்கம், பதினான்காம் வரிசை,
பனி உருகி ஒழுகும் பூட்ஸோடு.

பள்ளி ஜிம்மில் நாங்களும் ஐந்து பேர்.
அழகன் மிக்காவை ஹெல்மி எடுத்துக்கொள்வாள்,
ஆளுக்கொருவராய் மற்றவர்களும் போனபின்
மிச்சம் எப்போதும் எனக்கு:
ஓரத்தில் நிற்கும் யூசோ.
தனியாக ஒரு வரிகூடப் பாடாதவன்.
போஸ்டர் மடிப்பில் முகம் போனவன்.
அழுதிருக்கிறேன், ஒருமுறை, உடைமாற்றும் அறையில்.

விளக்கு அணைந்தது.
இருபத்தாறு வருடம் காத்திருந்த கத்தல்
இருமலாகத்தான் வந்தது.
மேடையில் நான்கு பேர்.
மிக்காவுக்குத் தொப்பை, மூச்சு வாங்குகிறது.
யூசோ இப்போது குழாய் ரிப்பேர் செய்கிறானாம்,
பக்கத்து சீட்டுப் பெண் சொன்னாள்.

ஆனால் அந்த மூன்றாவது பாட்டில்
நால்வரும் திரும்பியபோது
இடது ஓரத்தில் ஓர் ஆள் அளவு
இடம் விட்டே திரும்பினார்கள்.

என் கால்கள் என்னைக் கேட்கவில்லை.
இரண்டு எட்டு பின்னால், ஒரு சுழற்சி,
கை தோளுக்கு மேல்.

"உட்காருங்க, மறைக்குது" என்றார் பின்னால் ஒருவர்.

கொஞ்சம் பொறுங்கள்.
இன்னும் பதினாறு எண்ணிக்கை
யூசோவுக்குப் பாக்கி.