அறுபத்தொன்று

முதலில் வாங்கியது காகிதம் போல் ஒன்று.
ஜன்னலில் ஒட்டினால் போதும், நூற்றைம்பது மைல்
என்றது அட்டைப்பெட்டி.
பூமி உருண்டை என்று அதற்கு
யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
மூன்றாம் நாள் கடையில் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாவது, மீன்முள் மாதிரி.
நீண்ட கம்பிகள் தாழ்ந்த அலைக்கு,
குட்டைக் கம்பிகள் உயர்ந்ததற்கு.
எங்கள் ஏழாம் சேனல் நீண்டதைத்தான் கேட்கிறது
என்று நான் படித்துத் தெரிந்துகொண்ட வாரம்
கேபிள்காரன் கடைசி பில் அனுப்பினான்:
நூற்றெழுபத்து நான்கு டாலர்.
ஓரின் அதைக் குளிர்பெட்டிக் கதவில்
காந்தம் வைத்து ஒட்டினான். ஒன்றும் சொல்லவில்லை.
அம்மாவின் வீட்டைப் பாதிப் பாதியாய் எழுதிய நாளிலிருந்து
எனக்கும் தம்பிக்கும் இடையில்
காந்தம்தான் பேசுகிறது.

மார்ச் மாதம். வெர்மான்டில் அதற்கு வசந்தம் என்று பெயர்.
கூரையில் பனி, கணுக்கால் ஆழம்.
பள்ளிப் பேருந்து ஓட்டும் அதே கையுறையோடு
புகைபோக்கியைச் சுற்றிப் பட்டை இறுக்கி
கம்பம் நிறுத்தினேன்.
இடிக்கென்று ஒரு செம்புக் கம்பி.
தனியாகத் தண்டு அடிக்க முடியாமல்
மண் கல்லாய்க் கிடந்தது,
மின்மீட்டரின் நிலக்கம்பியோடு சேர்த்துக் கட்டினேன்.

தெற்கே, மலை மேல், கோபுரம்.
"இப்போ?" என்றேன் கூரையிலிருந்து.
கீழே திறந்த ஜன்னலில் ஓரின், ரிமோட்டோடு:
"இருபத்தெட்டு."
ஒரு விரல் கனம் திருப்பினேன்.
"முப்பத்தைந்து."
"இப்போ?"
"நாற்பது. நாற்பது. போச்சு."
"எங்கே போச்சு?"
"நீ எங்கே திருப்பினாயோ அங்கே."

எட்டு மாதத்தில் நாங்கள் பேசியதிலேயே
நீளமான பேச்சு அது.

பழைய டிவியில் புள்ளி மழைக்குள்ளும்
ஆள் நடமாடுவது தெரியும்.
இது அப்படியில்லை.
வந்தால் மூக்கு மயிர் வரை.
வராவிட்டால் கறுப்பு.
நடுவில் கொஞ்ச நேரம்
முகம் கட்டம் கட்டமாய் நொறுங்கும், அவ்வளவுதான்.
எங்கள் குடும்பம் டிஜிட்டலுக்கு மாறி
ரொம்ப நாளாச்சு.

காற்று ஒரு தள்ளு தள்ளியது.
ஸ்பேனர் வழுக்கிப் பனிக்குள் போனது.
கம்பம் தானாகச் சுழன்று
வடமேற்கே நின்றது.
"அறுபத்தொன்று!" கத்தினான் ஓரின்.
"கையை எடு! தொடாதே!"

இறங்கி வந்து பார்த்தால், எல்லைக்கு அப்பால், மாண்ட்ரீல்.
ஒரு பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டே
பிரெஞ்சில் எதற்கோ சிரிக்கிறாள்.
எங்கள் இருவருக்கும் ஒரு சொல் தெரியாது.
"இது வேண்டாம். ஏழாம் சேனல்..." என்றேன்.
"இருக்கட்டும்."
வெங்காயத்துக்கு அப்புறம் என்ன போடுகிறாள் என்று
பார்க்க வேண்டுமாம்.

முட்டை கொடுக்க வந்த பக்கத்துப் பண்ணை லியோனி
கோட்டைக் கழற்றாமல் நின்றபடியே சொன்னாள்:
"வெண்ணெய்."
பிறகு, "இன்னும் வெண்ணெய்."
ஓரின் சிரித்தான்.
கடைவாயில் ஒரு பல் இல்லை.
எப்போது போனது என்று நான் கேட்கவில்லை.
நூற்றெழுபத்து நான்கு டாலரின் பின்பக்கம்
சமையல் குறிப்பு எழுத ஆரம்பித்திருந்தான்.

மே இரண்டாம் வாரம்
வடமேற்கு மேப்பிள் இலை விட்டது.
ஒவ்வொரு இலையும் ஒரு மிடறு அலை குடித்தது.
ஐம்பது. நாற்பத்து மூன்று.
வெங்காயக்காரி கட்டங்களானாள், பிறகு கறுப்பானாள்.

பேருந்தை நிறுத்திவிட்டு நான் வரும்போது
ஏணி ஏற்கெனவே சாய்ந்திருந்தது.
மரத்தை வெட்டலாம் என்றேன்.
கம்பத்தை உயர்த்தலாம் என்றான்.
இன்னொரு பத்தடிக் குழாய்க்குப் பணம் யார் தருவது என்றேன்.
அக்டோபரில் எல்லாம் உதிரும், பொறுங்கள்
என்று வேலிக்கு அப்பாலிருந்து லியோனி.
யாரும் அவளைக் கேட்கவில்லை.

மரம் பாதி அவனுடையது, பாதி என்னுடையது.
எந்தப் பாதி மறைக்கிறது என்று
நான் ஏணியின் மேல்படியிலும்
அவன் அதன் காலைப் பிடித்துக்கொண்டும்
இருட்டிய பிறகும்
கத்திக்கொண்டிருந்தோம்.