முகவரி

டிக்கெட்டில் நேற்றைய தேதி.
பரிசோதகர் இரண்டு முறை தட்டிக் காட்டினார்
பேனாவின் பின்முனையால்.
எனக்குத் தெரிந்த போலிஷ் மொத்தம்
நாற்பது சொல்.
அதில் ‘நேற்று’ இருந்தது,
‘மன்னியுங்கள்’ இருந்தது.
இரண்டையும் சேர்த்தால்
வாக்கியம் ஆகவில்லை.

எதிர் இருக்கையில் யாமிலெத்
பொலிவியக் கம்பளித் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுத்
தூங்குவதாக நடித்தாள்.
அவள் டிக்கெட்டும் நான் எடுத்ததுதான்.

பெயர் கேட்டார்.
கேத்தெவான். எழுத்தெழுத்தாகச் சொன்னேன்.
தாளில் வந்தது வேறு யாரோ ஒருத்தி.
அடுத்து, முகவரி.

கைபேசி செத்துக் கிடந்தது.
திபிலிசி வீட்டைச் சொல்லப் போகிறேன் என்றுதான்
வாயைத் திறந்தேன்.
வந்தது கிராக்கோவ்:
தெரு, இலக்கம், மூன்றாம் மாடி,
குழாய் ஒழுகும் சமையலறைக்கு அடுத்த அறை.
கடைசியை அவர் எழுதவில்லை.
அஞ்சல் குறியீட்டின்
நடுக்கோடுகூடத் தவறவில்லை எனக்கு.

கிதான்ஸ்க் இன்னும் ஒரு மணி நேரம்.
ரயில் பாலத்தில் ஏறியது.
கீழே ஆறு
பாதி உறைந்து, பாதி நகர்ந்து.

சீட்டை மடித்து
பாஸ்போர்ட்டுக்குள், விசாப் பக்கத்தில் செருகினேன்.

தொப்பிக்குள்ளிருந்து யாமிலெத் கேட்டாள்:
“எவ்வளவு?”
சொன்னேன்.
“மார்ச் வரைக்கும் உருளைக்கிழங்கு” என்றாள்,
இந்த முறை
நிஜமாகவே தூங்கிப்போனாள்.