தனிக் குடுவை

பைசாந்தூவில் மழை.
காலை எட்டு, இரவு எட்டு
மாத்திரை விழுங்குகிறாள் நேலிதா,
யாரோ விட்டுப்போன சிறுநீரகத்தை
உடம்பு அந்நியமென்று துரத்திவிடாமலிருக்க.

உறங்கவைத்த காவலர்களிடம்
மூன்று முறை வந்து
எதிரியின் படத்தைக் காட்டிப் போயிற்று தடுப்பூசி.
ஒருவன் மட்டும் புரண்டு படுத்தான் போலும்.
பரிசோதனைத் தாளில்: மிகக் குறைவு.
நான்காவதுக்கு வியாழன் வரச் சொன்னார்கள்.

கம்பளி ஆலையில்
மாத்தே தேநீர் கைமாறும்,
ஒரே உறிஞ்சுகுழல், பதினோரு வாய்.
அவள் மட்டும் ஜன்னலோரம்
தன் குடுவையோடு.

வியாழன்.
வரிசையில் அவளுக்கு முன்னால்
ஊசியைக் கண்டாலே மயங்குகிற எவரிஸ்தோ,
முகம் வெளிறி, சட்டைக்கையைச் சுருட்டியபடி.
பின்னால் இன்னும் ஏழு பேர்,
அதே கம்பளி வாடை.

“உனக்காக ஒன்றுமில்லை,” என்றான்,
“அரைநாள் லீவு கிடைக்குமே.”