உருவகம்?

உட்லண்ட்ஸ் நூலகத்தில்
செவ்வாய், வியாழன் எனக்கு
அழிக்கிற வேலை.
திரும்பி வரும் தமிழ் நாவல்களில்
பிள்ளைகள் இழுத்த பென்சில் கோடுகள்.

இன்று ஒரு லிஃப்ட் பேய்க் கதை.
பதினான்கு பேர் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள்.

'கோழிச்சோற்றுக் கடை வரிசை மாதிரி நாக்கு நீண்டது.'
உவமை. சரி.
'பத்து மாடி புளோக்கும் கொட்டாவி விட்டது.'
உவமை என்று எழுதி, அடித்து,
உருவகம் என்று எழுதி, அதையும் அடித்து,
கடைசியில் வெறும் ஆச்சரியக்குறி.
பேய் வரும் பக்கங்களில் கோடே இல்லை.
பயந்திருக்கும்,
இல்லையென்றால் பரீட்சையை மறந்திருக்கும்.

பக்கம் 73.
'அம்மா பசிக்கவில்லை என்றாள்.'
போல இல்லை, மாதிரி இல்லை,
பேய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை.
அடியில் இரட்டைக் கோடு.
ஓரத்தில், எறும்பளவில்:
உருவகம்?

நூருல் எட்டிப் பார்த்து என்ன என்றாள்.
அந்த வரியை மலாயில் சொன்னேன்.
"எங்க வீட்டுலயும் இதே வசனம்தான்"
என்று தள்ளுவண்டியை நகர்த்திப் போனாள்.

மற்றதெல்லாம் அழித்தேன்.
மேசையில் ரப்பர் துகள்.
நொய்யரிசி போல என்று
வாய்வரை வந்தது.
ஊதிவிட்டேன்.

73 அப்படியே போகிறது
முதல் பெயருக்கு.