எண்ணாலும் எழுத்தாலும்

84 என்று எழுதி
எண்பத்து நான்கு என்றும் எழுதுகிறேன்.
காசோலையில்கூட எனக்கு இத்தனை கவனமில்லை.

மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி காதர் மைதீன் பெல்ட்டில்,
மற்றது என் அடையாள அட்டைக் கயிற்றில்.
பதிவேட்டில் பெயர், நேரம், மிச்சம்.

மாட்டுத்தாவணியில் இறங்கி, இன்னொரு பஸ் ஏறி
இரண்டு வாரம் கழித்து வந்தார் அடைக்கன்.
மேலூர்ப் பக்கம் குவாரியில் எடைமேடைக்காரர்.
தாடையில் புற்று தின்றது போக
மீதி முகத்தில் ஒரு வணக்கம் வைத்திருந்தார்.

அட்டைகளைக் கொட்டி எண்ணினேன்.
ஒன்றுகூட இருக்கக் கூடாது.
முப்பத்தொன்று இருந்தது.

குறைந்தால் என்ன கேட்பதென்று தெரியும்.
மாசியில் ஒரு வீட்டில் குறைந்தது,
மச்சினன் ஆரப்பாளையத்தில் விற்றிருந்தான்.
அந்த வீட்டுக்கு இப்போது
மூன்று நாளைக்கு மட்டும் எழுதுகிறேன்.
நிறுத்தவில்லை.
வலி மச்சினனுடையது இல்லையே.

மிஞ்சினால்?

"ராத்திரியெல்லாம் துண்டைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குது
டாக்டரம்மா" என்றாள் மலையம்மாள்.
"மாத்திரையத் தொடாதேங்குது."

அவர் சட்டைப்பையிலிருந்து
பழைய எடைச்சீட்டை எடுத்து
பின்பக்கம் எழுதிக் காட்டினார்:
*லோடு ஏறிக்கிட்டே போகுது.
இப்பவே தீத்துட்டா, பெருசு வரும்போது?*

பழகிவிடும், பழகிவிடும் என்றுதான்
எனக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்.
அந்த ஒரு சொல்லுக்குப் பயந்து
பயிற்சிக் காலத்தில் ஒரு பெண்ணை
பங்குனி முழுக்கக் கத்தவிட்டேன்.
அவள் பெயர் எந்தப் பதிவேட்டிலும்
மிச்சம் என்ற பத்தியில் இல்லை.

நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.
நாலு மணிக்கொருதரம் போடணும்ணே,
வலி வந்தப்புறம் இல்லை, வர்றதுக்கு முன்னால.
இந்தச் சிரப் மலம் இறுகாம இருக்க, விட்டுடாதீங்க.
சாராயம் கூடவே கூடாது.
எழுப்பியும் எழும்பாத தூக்கம் தூங்கினா
மலையம்மா, உடனே கூப்பிடணும்.
அளவை நீங்களாக் கூட்டாதீங்க, குறைக்காதீங்க.
அது என் வேலை.
பெரிய வலிக்குப் பெருசா எழுதுவேன்.

அவர் சீட்டைத் திருப்பி என் பக்கம் தள்ளினார்.
*எழுதிக் குடுங்க.*

இருபது வருஷம் சீட்டில்லாமல்
ஒரு லாரியையும் வெளியே விடாத மனிதர்.

என் செல் நம்பரை எழுதினேன்,
பத்து இலக்கமும் எண்ணால்.
பிறகு ஒவ்வொன்றாய்
எழுத்தாலும்.

மருந்துச் சீட்டில் இம்முறை
53, ஐம்பத்து மூன்று.
கையிருப்போடு சேர்த்துக் கணக்கு சரி.

காதர் மைதீன் இரண்டுதரம் எண்ணினார்.
மூன்றாவது தரம்
அடைக்கன்.