படித்துக் கேட்டேன், சரி

அமீனா கொண்டுவந்த கடிதத்தில்
என் பழைய பதவி இருந்தது: தட்டச்சர், ஓய்வு.
வழக்குக் கட்டு தேடியும் கிடைக்கப்பெறவில்லை.
நினைவில் உள்ளதை எழுத்துமூலம் தந்து உதவவும்.

முனிச்சாலையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போனேன்.

பதிவறையில் ஆளுக்கொரு காரணம்.
வெள்ளையடித்தபோது மாற்றி வைத்தது என்றார் ஒருவர்.
கறையான் என்றார் இன்னொருவர்.
மூன்றாமவர் பேசவில்லை, ஜன்னலைக் காட்டினார்.
அதற்குக் கதவில்லை.

மிஞ்சியது தீர்ப்பு மட்டும். முப்பத்தொரு பக்கம்.
வீரணன் வீட்டில்
ரேஷன் கார்டோடு பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது.
மேலூர் ஸ்டேஷனிலிருந்து
பிரேதப் பரிசோதனைச் சான்றின் ஜெராக்ஸ்.
மூன்று காயம் வாசிக்க முடிகிறது.
நான்காவது வெறும் கறுப்பு.

தீர்ப்பில் பதினான்காம் பத்தி:
தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்ததாக
அ.சா.4 தெளிவாகச் சாட்சியம் அளித்துள்ளார்.

அ.சா.4 அடைக்கியம்மாள்
கொரோனா வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டாள்.
கூண்டில் ஏறும்போது
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள்.
வெளியே விட்டால் காணாமப் போயிருமே என்றாள்.

நான் வீட்டில் வேறு பாஷை பேசுகிறவள்.
தெருவில் தமிழ் கற்ற காது இது,
மேலூர்ப் பேச்சு ஒரு சொல் சிந்தாமல் விழும்.

'டியூப்லைட்டு சாமி. கண்ணடிச்சுக்கிட்டே கெடக்கும்.
எரிஞ்சுச்சு. அணைஞ்சுச்சு.
எரியிறப்ப வீரணன் மாதிரி இருந்துச்சு.
அணையிறப்ப யாருன்னு சொல்ல?'

ஐயா மேஜையை விரலால் தட்டினார்.
சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது.
என் பக்கம் திரும்பி ஒரு வரி சொன்னார்.
புள்ளி, என்றார்.
அடித்தேன். நடுவில் இரண்டு கார்பன்.
அந்த மிஷினில் ண மட்டும் கொஞ்சம் மேலேறி விழும்.
வீரணன் வருகிற இடமெல்லாம்
ஓர் எழுத்து எக்கிக்கொண்டு நிற்கும்.

அடியில் வரும் கடைசி வரியை
எப்போதும் முன்கூட்டியே அடித்துவிடுவோம்:
படித்துக் கேட்டேன், சரி.
சரிக்குப் பக்கத்தில்
அடைக்கியம்மாள் பெருவிரலை வைத்தாள்.
செருப்பு இடது கையில்.

வராண்டாவில் வீரணன்.
ஜாமீனில் பதினாறு வருஷம், முன்பல் இரண்டு இல்லை.
எதிர் பெஞ்சில்
வெட்டுப்பட்டுச் செத்த சோணமுத்துவின் மனைவி.
தண்ணீர் கேன் ஒன்றுதான்.
குடிக்க எழுந்தவள்
அவன் கையில் டம்ளரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள்.
அவன் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனான்.
அதன் பிறகும் அவள் எழவில்லை.

சின்ன வயசு வக்கீல் ஒருவர் பொறுமையாகச் சொன்னார்:
நீங்க கேட்டது வேண்டாம்மா,
நீங்க அடிச்சதுதான் வேணும்.
ரெக்கார்டுன்னா அதுதான்.

அடித்தது எனக்கு எப்படித் தெரியும்?
நாளைக்கு நாற்பது பக்கம் ஓடிய விரல்.
தீர்ப்பைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.
தீர்ப்போ
நான் அடித்ததைப் பார்த்து எழுதியது.

கேட்டது மட்டும் என்ன உறுதி?
இருபத்திரண்டு வருஷம்.
'மாதிரி' என்ற சொல்
அவள் வாயில் வந்ததா,
இன்று காலை அவன் பல்லில்லாத வாயைப் பார்த்ததும்
என்னிடம் வந்து ஒட்டிக்கொண்டதா?
சோணமுத்து மனைவி ஒருமுறை என்னைப் பார்த்தாள்,
கட்டு என் பைக்குள் இருப்பதுபோல.

கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தார்கள்.
இதில் ண ஒழுங்காக நிற்கிறது.
அ.சா.4 என்று அடித்தேன்.
டியூப்லைட்டு சாமி என்று அடித்தேன்.
பெஞ்ச் கிளார்க் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார்.
சாமியை எடுத்துடுங்கம்மா, என்றார்.

எடுக்கவில்லை.
அடுத்த வரிக்கும் போகவில்லை.
வெளியே யாரோ
டிபன் கேரியரைத் திறக்கும் சத்தம்.
மணி ஒன்றரை.