கந்தப்பளைக் கணக்கு

இருநூறு மைக்ரோன் பொலித்தீன்.
மூன்று மழைக்காலம் தாங்கும் என்று
சுருளில் அச்சடித்திருக்கிறது.
ஜௌபர் நானாவின் வாயில் அது ஐந்து.
கொழுந்தன் நாகமுத்து
குரங்குகளையும் சேர்த்துக் கழித்து
இரண்டு என்கிறான்.
பிறகு மஞ்சளாகும்,
கிழிந்த துண்டு ஓடையில் போய்ச் சிக்கும்.

கண்ணாடியோ கனம்.
சட்டம் கேட்கும், ஆணி கேட்கும்.
ஆலங்கட்டி விழுந்த மறுநாள்
பாத்தி முழுக்கச் சில்லு பொறுக்க வேண்டும்,
பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டு.

ஆனாலும் தை மாத விடியலில்
புல் வெள்ளையாய் விறைத்துக் கிடக்கும்போது
கருகுகிற கறிமிளகாய்க் கன்று
விலைப்பட்டியல் வாசிப்பதில்லை.

மேல் டிவிசன் பங்களாவை உடைக்கிறார்களாம்.
பதினொரு சன்னல், ஒன்றில் கீறல்.
லொறிக்கூலி மட்டும் கொடுத்தேன்.

நான்கு வருடம்
அதே கண்ணாடிகளைத் துடைத்தவள் நான்.
உள்ளே நின்றால் தேயிலை தெரியும்.
வெளியே நின்றால்
என் முகத்தைத் தாண்டி
ஒரு நீள மேசை.

நாற்றுப் பெட்டிகளுக்கு அவை.
பெரிய கூடாரத்துக்குப் பொலித்தீன், தவணையில்.
நாகமுத்து சிரித்தான்:
"ரெண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டுட்டீங்களே, அண்ணி!"

சிரிக்கட்டும்.

இன்று காலை
கண்ணாடி உட்பக்கம் வியர்த்திருந்தது.
கை, பழக்கத்தில், துணியைத் தேடியது.
துடைக்கவில்லை.
சட்டத்தை இரண்டு விரல் உயர்த்தி
இடையில் ஒரு கல் வைத்துவிட்டு
தண்ணி பிடிக்கப் போனேன்.